வேனோடு ஒட்டும் காற்றுக் கூடாரம்: இரண்டு பருவம், 29 இரவு

எங்கள் வேன் 6 மீட்டர் நீளம். பின்னால் குறுக்காக ஒரு கட்டில், நடுவில் அடுப்பும் சிங்க்கும், முன்னால் ஒரு பெஞ்ச். பெஞ்சை இழுத்தால் அதுவும் கட்டிலாகும். விற்றவர் "நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம்" என்றார். பொய்யில்லை, நாலு பேர் படுக்கலாம். நாலு பேரும் எழுந்திருப்பதில்தான் வம்பு.

நான், என் கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், 78 வயது மாமியார். மழை பெய்கிற ஒரு காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பல் துலக்க எழுந்தால் மற்ற மூவரும் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கதவருகே நாலு ஜோடி ஈரச் செருப்பு. சொட்டுகிற ரெயின்கோட்டை எங்கே மாட்டினாலும் அது யாருடைய தலையணைக்கு மேலாகவோதான் இருக்கும். அத்தை எதையும் வாய்விட்டுக் குறை சொல்பவர் அல்ல. மூன்றாம் நாள் காலை, "அடுத்த தடவை நான் வீட்டுலயே இருந்துக்கறேம்மா, நீங்க போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். அன்றே வண்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இவருக்கு ஆசை ஸ்லைடு-அவுட் மேல். வண்டி நின்றதும் பொத்தானை அமுக்கினால் பக்கச் சுவரின் ஒரு பகுதி சோபாவோடும் அலமாரியோடும் சேர்ந்து மேசை இழுப்பறை மாதிரி வெளியே நகரும், அந்த வகை. ஓடுகிற வண்டிக்கு அகல வரம்பு உண்டு. ஐரோப்பாவில் 2.55 மீட்டர், அமெரிக்காவில் ஏறத்தாழ 2.6. சாலையில் இருக்கும்வரை யாராலும் அதை மீற முடியாது, நின்ற பிறகு யாரும் கேட்கப்போவதில்லை. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு 1990இல் நியூமார் நிறுவனம் மோட்டார் ஹோமில் இதைக் கொண்டுவந்தது. இன்றைக்குப் பெரிய வண்டிகளில் மூன்று நான்கு பெட்டிகள்கூட வெளியே வருகின்றன.

நண்பர் ஒருவரிடம் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. நாலு நாள் அவரோடு தங்கினோம். உண்மையைச் சொன்னால் பொறாமையாகத்தான் இருந்தது. நாற்பது விநாடியில் கூடம் முக்கால் மீட்டர் அகலமாகிவிடுகிறது. கெட்டியான சுவர், ஜன்னல், விளக்கு எல்லாம் இருக்கிறது. மழை பெய்தால் பெய்யட்டும் என்று உட்கார்ந்திருக்கலாம்.

கிளம்புகிற நாள் காலையில் அந்தப் பெட்டி பாதி உள்ளே வந்து நின்றுவிட்டது. அவருடையது இரு பக்கமும் தனித்தனி மோட்டார் வைத்த வகை. ஒரு மோட்டார் முந்தி இன்னொன்று பிந்தினால் பெட்டி கோணலாகி இறுகிக்கொள்ளும். வண்டியைச் சரியாக மட்டம் பார்த்து நிறுத்தவில்லை, பேட்டரியும் இறங்கியிருந்தது, போதாக்குறைக்குக் கூரைமேல் விழுந்த சுள்ளி ஒன்று ரப்பர் விளிம்பில் சிக்கியிருந்தது. இதில் எது முதல் குற்றவாளி என்று கடைசிவரை தெரியவில்லை. நாங்கள் மூன்று பேர் வெளியிலிருந்து தோள் கொடுத்துத் தள்ள, அவர் உள்ளே பொத்தானை விட்டு விட்டு அமுக்க, இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்வரை வண்டியை ஓட்ட முடியாது. கூடாரத்துக்கு என்ன கேடு வந்தாலும் வண்டி நகரும், ஸ்லைடு-அவுட் சிக்கினால் வீடே அங்கே சிக்கிக்கொள்ளும். திரும்பி வரும் வழியில் இவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தவிர, எங்கள் வேனின் சுவரை அறுத்து அப்படி ஒன்றை வைப்பது நடக்கிற காரியமும் இல்லை.

கூரையைத் தூக்கும் வகை இன்னொன்று. அது தலைக்கு மேல் இடம் தரும், காலுக்குக் கீழே தராது. அத்தை ஏணி ஏறப்போவதும் இல்லை. அதோடு விட்டுவிட்டோம்.

ஆக, வாங்கியது காற்றடிக்கும் ஆனிங் டென்ட். வேனின் பக்கக் கதவோடு ஒட்டிக்கொள்ளும், வேண்டும்போது வேனைக் கழற்றி ஓட்டிக்கொண்டு போகலாம், கூடாரம் தன் காலில் தனியே நிற்கும். உள்ளளவு 3.2 மீட்டருக்கு 3 மீட்டர். கம்பிக்குப் பதில் மூன்று காற்றுக் குழாய்கள் வளைவாக நின்று துணியைத் தாங்குகின்றன. எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. திட்டவும் செய்கிறேன் என்பது ஒரு காரணம். இந்த வகையில் வருகிறவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு, ஒரே குணம் என்பது இன்னொன்று.

வாங்குவதற்கு முன்னால் அளக்க வேண்டியது வண்டியின் உயரத்தை அல்ல, தரையிலிருந்து ரெயில் வரைக்குமான உயரத்தை. வண்டியின் பக்கவாட்டில் மேலே கூடாரத்தை மாட்டுகிற நீளப் பள்ளம்தான் ரெயில். தாழ்வு, நடுத்தரம், உயரம் என்று மூன்று அளவில் விற்கிறார்கள். நான் ரெயில் வரை அளந்து 237 செ.மீ. என்று குறித்து, நடுத்தரம் வாங்கினேன். பெட்டியில் 240 வரை என்று போட்டிருந்தது. கணக்குச் சரிதான். ஆனால் சரிவான தரையில் வண்டியை மட்டமாக்கச் சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைப்போமே, அதை மறந்துவிட்டேன். ஆப்பில் ஏறினால் இன்னும் 8, 10 செ.மீ. கூடும். அப்போது வண்டிக்கும் கூடாரத்துக்கும் நடுவே உள்ள இணைப்புத் துணி கீழே எட்டாமல், தூக்கிக் கட்டின பாவாடை மாதிரி நிற்கும், காற்று அடியில் புகுந்து காலைச் சில்லிட வைக்கும். உங்கள் அளவு இரண்டு வகைக்கும் எல்லையில் இருந்தால் பெரியதையே எடுங்கள்.

இரண்டாவது கோட்டைவிட்ட இடம் அந்த ரெயில். கூடாரத் துணியின் விளிம்புக்குள் கயிறு வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தடித்த விளிம்புக்கும் வண்டியின் ரெயிலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பட்டை வரும். வெட்டிப் பார்த்தால் 8 என்ற எண் போல இருக்கும். ஒரு வளையத்தில் கூடாரம், மற்றதில் வண்டி. இந்த வளையங்கள் 6 மி.மீ.யிலும் 4 மி.மீ.யிலும் வருகின்றன. கூடாரத்தோடு வந்த பட்டை இரு பக்கமும் 6. எங்கள் ரெயிலுக்கு வேண்டியது 4. விரல் அகலப் பட்டை ஒன்று சேரவில்லை என்பதற்காக முதல் பயணம் முழுக்க 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள கூடாரம் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. கடையில் யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

நான் கணக்கு எழுதிப் பழகியவள். முப்பது வருஷம் அதுதான் வேலை. வண்டியிலும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் தடவை கூடாரம் எழும்ப 1 மணி 50 நிமிடம். அதில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாத 15 நிமிடமும் அடக்கம். ஐந்தாவது தடவை 55 நிமிடம். இப்போது 35. அதற்குக் கீழே இறங்குவதாகத் தெரியவில்லை. "பத்தே நிமிடத்தில் தயார்" என்று அட்டையில் போட்டிருப்பது காற்றடிக்கும் நேரம் மட்டும். விரிப்பைப் போட்டு, கூடாரத்தைத் திசை பார்த்து வைத்து, நாலு மூலையிலும் முளை அடித்து, பிறகு காற்றடித்து, அப்புறம் மிச்சமுள்ள இருபத்துச் சொச்சம் முளைகளையும் அடித்து, இழுகயிறு கட்டி, கடைசியில் வண்டியோடு கோக்கிற வேலையை யார் செய்வது?

காற்றடிப்பது மட்டும் உண்மையிலேயே சுகம். கைப்பம்புதான். மகள் அடிப்பாள், நான் மீட்டரைப் பார்ப்பேன். காற்றழுத்தம் ஏழு பி.எஸ்.ஐ. வந்ததும் நிறுத்த வேண்டும். செத்த பாம்பு மாதிரி கிடந்த துணி ஒரு பக்கமாகத் தோளைத் தூக்கி, புரண்டு, முதுகை நிமிர்த்தி எழுந்து நிற்கிறதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரர்களின் குழந்தைகள் கூடிவிடுவார்கள். மூன்று குழாய்க்கும் நடுவே தனித்தனி அடைப்பான் உண்டு. காற்றடித்து முடித்ததும் அவற்றை மறக்காமல் மூடிவிட வேண்டும். திறந்தே விட்டால் ஒரு குழாயில் ஓட்டை விழுந்தாலும் மூன்றும் சேர்ந்து படுத்துவிடும்.

இரண்டாவது தடவை ஒரு மர்மம் நடந்தது. நல்ல வெயிலில், மதியம், 7 வரை அடித்தோம். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் கூரை லேசாகத் தொய்ந்திருக்கிறது, மீட்டர் 6-க்குக் கீழே காட்டுகிறது. "ஓட்டை. திருப்பிக் கொடுத்துடலாம்" என்றார் இவர். குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரவில்லை. பத்து மணி வெயிலுக்குத் தானாகவே 7-க்கு ஏறிவிட்டது! அப்புறம்தான் உறைத்தது. அடைத்து வைத்த காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 30 டிகிரியில் 7 இருந்த குழாய் 10 டிகிரிக்கு இறங்கினால் மீட்டரில் ஒன்றரை போல் குறையத்தான் செய்யும். ஓட்டை என்று நினைத்துக் காலையில் 7-க்கு நிரப்பி, நடுமதிய வெயிலில் விட்டுப்போவதுதான் ஆபத்து. அதனால் குளிரான காலையில் காற்றடித்தால் 6-ஓடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, இத்தனை பாடுபட்டு எழுப்பின அறையில் என்ன செய்கிறோம்?

வாங்கும்போது நான் கற்பனை செய்தது ஒரு கூடம். மேசை, நாற்காலி, சுற்றி உட்கார்ந்து சீட்டாட்டம். நடந்தது வேறு. வெயில் நேரத்தில் உள்ளே உட்கார முடியவில்லை. மூன்று பக்கக் கதவையும் சுருட்டிக் கட்டினாலும் கூரைத் துணியின் சூடு உச்சந்தலையில் இறங்கும். நல்ல பருவநிலை என்றால் எல்லாரும் மரத்தடிக்குப் போய்விடுகிறோம். இரவில் மகள் கொஞ்ச நாள் அதில் படுத்தாள். உள் அறை மாதிரி ஒரு துணித் தடுப்பு கூடவே வருகிறது. ஆனால் அங்கே படுப்பதென்றால் தரையில் படுப்பதுதான், குளிர் அடியிலிருந்து ஏறும். நல்ல பாய் இல்லாமல் ஆகாது.

செருப்பும் ரெயின்கோட்டும் வேனைவிட்டு வெளியே போனதுதான் பெரிய மாற்றம். கூடவே மடக்கு நாற்காலிகள், தண்ணீர்க் குடம், அழுக்குத்துணிப் பை, மகளுடைய சைக்கிள், இரவில் பெஞ்சைக் கட்டிலாக்க முடியாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெட்டிகள் எல்லாம் போயின. அவை போன பிறகு பார்த்தால், வேனுக்குள் தரை தெரிகிறது. ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் காலைத் தூக்க வேண்டியதில்லை. நான் வெளியே ஓர் அறை வாங்கினேன், இடம் கிடைத்தது உள்ளே. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு பெரிய கூடாரம் வாங்கியிருக்க மாட்டேன். இரண்டரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் போதும், சாமான் வைக்கவும் ஈரக் கால் துடைக்கவும்.

வேனுக்கும் கூடாரத்துக்கும் நடுவே கையகல நடை ஒன்று வருகிறதல்லவா, அதற்கு அத்தை ரேழி என்று பெயர் வைத்துவிட்டார். கூடாரம் திண்ணை. காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, யாரையும் தாண்டாமல் ரேழி வழியாகத் திண்ணைக்குப் போய், தன் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வலைக்கதவு வழியாக வெளியே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம். முன்பெல்லாம் நாங்கள் எழும்வரை கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பாராம். இதையும் எப்போதோ போகிற போக்கில்தான் சொன்னார்.

அந்த ரேழிதான் மழையில் பெருந்தொல்லையும். கூடாரத்தின் கூரை வளைவானது, தண்ணீர் வழிந்துவிடும். இணைப்புத் துணிக்கு அடியில் குழாய் கிடையாது. இழுத்துக் கட்டவில்லை என்றால் நடுவில் குழிந்து தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு செ.மீ. தேங்கினால் 10 லிட்டர், 10 கிலோ. கனம் ஏற ஏறக் குழி ஆழமாகும், ஆழமாக ஆக இன்னும் தேங்கும். ஓர் இரவு முழுக்க நல்ல மழை. காலையில் இவர் தூக்கக் கலக்கத்தில் வேன் கதவைத் திறந்து, தலைக்கு மேல் யானை வயிறு மாதிரி தொங்கிய துணியை உள்ளிருந்து கையால் ஒரு தள்ளு தள்ளினார். தண்ணீர் போக வேண்டிய பக்கம் போகவில்லை. ரெயில் ஓரமாகச் சரிந்து, அப்படியே கதவு வழியாக உள்ளே, பெஞ்சின்மேல் படுத்திருந்த மகள்மேல். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டியில் விளக்கெரிந்தது.

அதற்குப் பிறகு கண்ட தீர்வு எளியது. வேனைக் கூடாரத்திலிருந்து இன்னும் 15 செ.மீ. தள்ளி நிறுத்துவது. அவ்வளவுதான். துணி விறைப்பாக நிற்கும், தண்ணீர் வழியும். விறைப்பு போதவில்லை என்றால் குறுக்கே ஒரு மடக்குக் கம்பி கொடுக்கலாம், தனியாகக் கிடைக்கிறது. கூடாரத்தோடே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

துணியைப் பற்றிக் குறையில்லை. தைத்த இடமெல்லாம் உள்பக்கம் பட்டை ஒட்டி அடைத்திருக்கிறார்கள். இரண்டு பருவத்தில் தையல் வழியாக ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் முதல் குளிர் இரவுக்குப் பிறகு காலையில் கூரையிலிருந்து சொட்டியது. ஒழுகுகிறது என்று பதறினோம். தொட்டுப் பார்த்தால் துணியின் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. ஆள் மூச்சு, ஈரத்துணி, தரையின் ஈரம் எல்லாம் ஆவியாகிக் குளிர்ந்த கூரையில் போய் ஒட்டுகிறது. மேலே இருக்கிற காற்று ஜன்னல்களைக் குளிருக்குப் பயந்து மூடினீர்களானால் இதுதான் கதி. இப்போது இரவில் எதிரெதிராக இரண்டைத் திறந்து வைக்கிறோம். விரிப்பின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீட்டியிருந்தால் சுவரில் வழியும் மழைநீர் அதன்மேல் விழுந்து நேரே உள்ளேதான் வரும்.

குளிருக்குக் கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வைக்காதீர்கள். அடுப்பும் கூடாது, கரி அடுப்பு அணைந்துபோனதுபோல் தெரிந்தாலும் அதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. மூடின கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அது ஒருபுறம் இருக்க, ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அத்தனையும் உங்கள் கூரையில்தான் போய் ஒட்டும். எங்கள் சமையல் வேனுக்குள்ளே, அல்லது முழுக்க வெளியே. வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டியிருக்கிறோம். அது கூடாரத்தைவிட முக்கியமான பொருள்.

காற்றில் எப்படி? நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. பலத்த காற்றில் கம்பிக் கூடாரத்தின் கம்பி வளையும், ஒடியும், துணியைக் கிழிக்கும். காற்றுக் குழாய் வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். ஓர் இரவு எங்கள் நடுக்குழாய் உள்பக்கமாக மடிந்து மடிந்து எழுந்ததை நாங்கள் வேனிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். காலையில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவில் அதைத் தாங்கியது முளைகள். கூடவே வந்த மெல்லிய கம்பி முளைகள் கல் தரையில் வளைந்து கொக்கியாகிவிட்டன. முதல் நாளே அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, தடித்த இரும்பு முளைகளும் ஒரு கிலோ சுத்தியலும் வாங்கிவிடுங்கள். கூடாரத்தைவிட்டுச் சாய்வாக, பாதிச் செங்கோண அளவில் அடிக்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். அதனால் "நேற்று தாங்கிச்சே" என்று இருக்கக் கூடாது. காற்று எச்சரிக்கை வந்தால் நாங்கள் கழற்றிவிடுகிறோம். அவிழ்ப்பதற்கு 20 நிமிடம்.

வண்டியை மட்டும் கழற்றிக்கொண்டு போகலாம் என்பதுதான் இந்த வகையின் பெருமை. போகலாம்தான். பட்டையை உருவிவிட்டு, இணைப்பு வாயை ஜிப் போட்டு மூடிவிட்டுப் போய்ச் சாமான் வாங்கி வரலாம், இடமும் நமக்கென்று பிடித்து வைத்ததாயிற்று. திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்துவதில் இருக்கிறது விஷயம். ஒரு சாண் விலகினாலும் துணி கோணும், ஜிப் இழுக்கும். முதல் தடவை இருட்டிவிட்டது. இவர் ஸ்டியரிங்கில், மகள் டார்ச்சோடு பின்னால், நான் ரேழி ஓரத்தில். "வாப்பா... வா... இன்னும் கொஞ்சம்... இடப்பக்கம்... அப்பா, நில்லு நில்லு!" ஆறு முறை முன்னும் பின்னும். மறுநாள் அத்தைதான் யோசனை சொன்னார்: "கிளம்பறதுக்கு முன்னாடி சக்கரம் இருக்கிற இடத்துல ரெண்டு கல்லை வைச்சுட்டுப் போனா என்ன?" இப்போது கல் தேடுவதில்லை. சிவப்புத் துணி கட்டிய முளை இரண்டு, முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. ஓட்டுநர் ஜன்னலிலிருந்தே தெரியும். இரண்டாவது முயற்சிக்குள் அமைந்துவிடுகிறது.

எடைக் கணக்கையும் சொல்ல வேண்டும். கூடாரம் 21 கிலோ. விரிப்பு, பம்பு, முளைகள், சுத்தியல் சேர்த்தால் 29. எங்கள் வண்டியின் மொத்த எடை வரம்பு 3500 கிலோ. நாலு பேரும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியும் ஏறினால் மிச்சம் நூறு கிலோகூட இல்லை. அதில் முப்பது துணிக்குப் போகிறது. இதற்காகத் தண்ணீர்த் தொட்டியைக் கால்வாசி மட்டும் நிரப்பிக்கொண்டு போய், தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்கிறோம். ஈரத்தோடு மடித்தால் அந்த 21 எவ்வளவாகும் என்று எடை போட்டுப் பார்க்கவில்லை. தூக்கும்போது இவர் முகத்தைப் பார்த்தால் போதும்.

ஈரத்தோடு மடிப்பது என்றேனே, தவிர்க்கவே முடியாது. கிளம்புகிற காலையில் பனி இருக்கும், இல்லையென்றால் மழை. ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அதற்குள் விரித்து உலர்த்தாவிட்டால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பூத்துவிடும், பூத்தால் போகாது. முதல் பருவத்தின் கடைசிப் பயணத்துக்குப் பிறகு, ஊருக்கு வந்த அலுப்பில் ஐந்து நாள் பையிலேயே விட்டேன். பையைத் திறந்ததும் வந்த வாடை! பின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு இன்னும் கறை இருக்கிறது. இப்போது வந்த அன்றே மாடிப்படிக் கைப்பிடி, கதவுகள், நாற்காலிகள் என்று வீடு முழுக்கக் கூடாரம் தொங்குகிறது. இரண்டு நாள் குனிந்துதான் நடக்க வேண்டும்.

பழுது என்று வந்தது இரண்டே. ஒன்று, ஒரு குழாயில் நிஜமான ஓட்டை. குழாய்க்கு மேலே ஒரு துணி உறை, உள்ளே தனியாகப் பிளாஸ்டிக் பை. ஜிப்பைத் திறந்து பையை உருவி, பாதி காற்றோடு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினோம். ஓரிடத்தில் ஊசிமுனைக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. துடைத்து, உலரவிட்டு, கூட வந்த ஒட்டுத் துண்டை ஒட்டினோம், சைக்கிள் ட்யூப் மாதிரிதான். அரை மணி வேலை. உறைக்குள் திருப்பிப் போடும்போது முறுக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். முறுக்கினால் அந்த இடத்தில் காற்று போகாமல் முழங்கை மாதிரி மடங்கி நிற்கும்.

இன்னொன்று ஜிப். இதைத்தான் நான் மன்னிக்கவில்லை. மணலும் தூசியும் பட்டுப் பட்டு, முன்கதவு ஜிப்பின் பல் இரண்டாம் பருவ நடுவிலேயே விலகத் தொடங்கிவிட்டது. மெழுகுவத்தியைத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதியபோது, கூடாரத்தைக் கழற்றாமல் ஜிப்பைத் திறந்து மூடியதால் தேய்மானம் என்று பதில் வந்தது. கதவு இருப்பது எதற்கு?

29 இரவு போட்டிருக்கிறோம், 12 இரவு பையிலேயே விட்டிருக்கிறோம். அந்த 12-உம் ஒரே இரவு, இரண்டு இரவுத் தங்கல்கள். போட 35 நிமிடம், அவிழ்க்க 20, உலர்த்த இரண்டு நாள். இதைக் குறைந்தது மூன்று இரவுகளால் வகுத்தால்தான் கட்டுப்படியாகிறது. தினம் ஓர் ஊர் என்று ஓடுகிறவர்களுக்கு நான் சொல்வது, வண்டியோடு நிரந்தரமாக மாட்டியிருக்கும் சுருள் ஆனிங் ஒன்று போதும். இழுத்தால் நிழல், சுருட்டினால் பயணம். நாலு பேர், வயதானவர் ஒருவர், ஓரிடத்தில் ஒரு வாரம் என்றால் நான் இதையே மறுபடி வாங்குவேன், இதைவிடச் சிறியதாக, நல்ல ஜிப் உள்ளதாக.

வருகிற வெள்ளிக்கிழமை ஒரே இரவுக்குப் போகிறோம். கூடாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை "சரிம்மா" என்றார். சாயங்காலம் பார்த்தால் அவருடைய நாற்காலியும் சால்வையும் வேன் கதவருகே தயாராக இருக்கின்றன. அதை எங்கே போடப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. இவர் போய்க் கூடாரப் பையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.